புத்தம் புது காரும் கொஞ்சம் வெள்ளத் தண்ணியும்

"புது வண்டிதாங்க. லேசா அடிபட்டுச்சு, சரி பண்ணிட்டோம். வெல கம்மி. வாங்கலாமா?"

இப்படி யாராவது கேட்டா நம்ம பதிவர் வட்டத்துல ரெண்டே ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு, "சரி பண்ணியாச்சுன்னா அப்புறம் என்ன, இன்னும் கொஞ்சம் அடிச்சுப் பேசி வாங்கிப் போடு". இன்னொண்ணு, "ஐயய்யோ, அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காதே". ரெண்டுமே சோம்பேறிப் பதில் என்பதுதான் இந்தப் பதிவின் சாரம். என்ன அடி, எதனால அடி, எவ்வளவு தூரம் சரி பண்ணினாங்க, அதை எழுதிக் கொடுத்தாங்களா - இந்த நாலையும் கேக்காம தீர்ப்பு சொல்றவங்களோட எனக்குச் சண்டை. அந்த நாலையும் மறைச்சு விக்கிறவங்களோட அதைவிடப் பெரிய சண்டை.

பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

ஆலங்கட்டி வேற, தண்ணி வேற

அமெரிக்காவுல டெக்சாஸ், கொலராடோ மாதிரி மாநிலங்கள்ல ஆலங்கட்டி மழை பேஞ்சா டீலர் யார்டுல நிக்கிற புது வண்டிங்க மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். அங்க டீலருங்க பல பேர் அதை ஒளிக்கிறதில்ல. "ஆலங்கட்டித் தள்ளுபடி"ன்னு விளம்பரமே போட்டு விக்கிறாங்க. ஏன்னா அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியுற சேதம். பானெட், கூரை, டிக்கி மூடி - இதோட கதை முடிஞ்சுது. பெயின்ட் உரியாம இருந்தா, தகட்டுக்குப் பின்பக்கமா நீளமான கம்பியை விட்டு, அந்தக் குழியைக் கொஞ்சம் கொஞ்சமா நெம்பி எடுத்துடுவாங்க. கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கும். கைதேர்ந்த ஆள் செஞ்சா கண்டுபிடிக்கிறதே கஷ்டம். எஞ்சின், பிரேக், ஒயரிங் எதுக்கும் சம்பந்தமில்ல. அப்படி ஒரு வண்டியை, விஷயத்தைச் சொல்லி, நியாயமா விலை குறைச்சுக் கொடுத்தா நான் யோசிக்காம வாங்குவேன்.

நம்ம எண்ணூர்ல ஆலங்கட்டி எங்க விழுது? எப்பவாவது கோடை மழையில ரெண்டு கல்லு விழுந்தா அதைப் பொறுக்கி வாயில போட்டுக்குற அளவுதான். நம்ம பக்கத்து வில்லன் தண்ணி. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் மிக்ஜாம். ஒவ்வொண்ணுக்கும் அடுத்த தை மாசம் ஒரு "ஸ்பெஷல் ஆஃபர்" முளைக்கும். ரோட்டுல நின்ன வண்டி மட்டும்தான் முழுகுதுன்னு நெனைக்காதீங்க. டீலர் யார்டும் பெரும்பாலும் ஊருக்கு வெளிய தாழ்வான பொட்டல்லதான் இருக்கு. மேட்டு நிலத்துல வாடகை கட்டுப்படி ஆகாதே!

வெள்ளத்துல நின்ன வண்டியையும் ஆலங்கட்டி விழுந்த வண்டியையும் "ரிப்பேர் பண்ணின புது வண்டி"ன்னு ஒரே கூடையில போடுறதுதான் முதல் மோசடி. கன்னத்துல தழும்பு இருக்கிறவனும் நுரையீரல்ல தண்ணி கோத்தவனும் ஒண்ணா?

தண்ணி உள்ள போனா என்ன ஆகும்?

தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

டயர் பாதி முழுகுற அளவுத் தண்ணின்னா பெரும்பாலும் கழுவி, பிரேக்கையும் வீல் பேரிங்கையும் பார்த்துட்டா போதும். ஆபத்து தண்ணி கதவைத் தாண்டி உள்ள வந்து தரைக் கார்ப்பெட்டை நனைக்கிறப்ப ஆரம்பிக்குது. இன்னிக்கு வர்ற வண்டிங்க எல்லாம் சக்கரம் வச்ச கம்ப்யூட்டர். ஒயரிங் கட்டு கார்ப்பெட்டுக்கு அடியிலதான் ஓடுது. ஏர்பேக் எப்ப வெடிக்கணும்னு முடிவு பண்ற பொட்டி பெரும்பாலான வண்டிங்கள்ல ரெண்டு முன்சீட்டுக்கும் நடுவுல, கியர் கம்பிக்குப் பக்கத்துல, தரையோட தரையா இருக்கு. அதாவது, "கார்ப்பெட் வரைக்கும்தாங்க தண்ணி"ன்னு ஒருத்தர் சாதாரணமாச் சொல்ற அந்த உயரத்துல உங்க உயிரைக் காப்பாத்த வேண்டிய சாமான் உக்காந்திருக்கு.

ஒயர் ஜாயின்ட்ல தண்ணி புகுந்தா அன்னிக்கே நிக்காது. அதுதான் இதுல உள்ள சூட்சுமம். காய வச்சு, ஊதி, ஸ்கேனர் போட்டா எந்தக் கோளாறும் காட்டாது. செம்புல பச்சை பூத்து, மின்சாரம் விட்டு விட்டுப் பாய ஆரம்பிக்க ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். ஒரு நாள் பவர் விண்டோ இறங்காது. இன்னொரு நாள் ஏபிஎஸ் விளக்கு எரியும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனா அவர் முன்னாடி நல்ல பிள்ளையா ஓடும்.

எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருந்தா கதையே வேற. தண்ணியை அமுக்க முடியாது. யாராவது தெரியாம சாவியைத் திருப்பினா பிஸ்டன் தண்ணில முட்டி, கனெக்டிங் ராடு வளையும். இன்சூரன்ஸ்காரங்க "இது வெள்ளத்தால வந்ததில்ல, நீங்க ஸ்டார்ட் பண்ணினதால வந்தது"ன்னு கைவிரிக்கிற இடம் இதுதான். அதுக்குத்தான் எஞ்சின் புரொடெக்ஷன்னு தனியாக் காசு வாங்குறாங்க.

இது நல்ல தண்ணிக்கான கணக்கு. எங்க ஊர்த் தண்ணிக்கு இன்னொரு வரி சேர்க்கணும். 2023 டிசம்பர்ல மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோட கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியா கொசஸ்தலை ஆத்துல இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் கறுப்பாக்கிடுச்சு. பசுமைத் தீர்ப்பாயம் தானாவே விசாரணைக்கு எடுத்த விஷயம் அது. மீனவர் படகுக்கும் வலைக்கும் என்ன ஆச்சுன்னு ஊரே பார்த்தது. காருக்கு என்ன ஆகும்? கதவு ஓரத்து ரப்பர், பிரேக் ஹோஸ் இதுக்கெல்லாம் அதிகமாப் பயன்படுற ஈபிடிஎம்னு ஒரு வகை ரப்பர், மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. ஆனா பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊதிப் போகும், இளகும். சஸ்பென்ஷன் புஷ்ல இருக்குற இயற்கை ரப்பருக்கும் அதே கதிதான். இதோட உப்பையும் சேர்த்துக்கங்க. அப்படிப்பட்ட தண்ணில நின்ன வண்டியை வாட்டர் வாஷ் பண்ணி, பாலிஷ் போட்டு, ஷோரூம் கண்ணாடிக்குள்ள ரிப்பன் கட்டி நிறுத்தினா அது "புது வண்டி" ஆயிடுமா?

"வாரன்டி இருக்கே பாஸ்!"

இந்த வாதத்தைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும். கம்பெனி வாரன்டி எதுக்கு? தயாரிப்புக் குறைக்கு. வெள்ளம், புயல் மாதிரி இயற்கைச் சீற்றத்தால வர்ற சேதம் செல்லாதுன்னு அந்தப் புத்தகத்துல பொடி எழுத்துல இருக்கும், எடுத்துப் படிச்சுப் பாருங்க.

இப்ப இதை ஒரு அடி தள்ளி யோசிங்க. ஒண்ணரை வருஷம் கழிச்சு ஒயரிங் போகுது. சர்வீஸ் சென்டர்ல கழட்டிப் பாக்குறாங்க. "சார், உள்ள தண்ணி போன அறிகுறி இருக்கு. வாரன்டி கிடையாது." தண்ணி நீங்க வாங்குறதுக்கு முன்னாடி போச்சா, வாங்கின பிறகு போச்சா? எப்படி நிரூபிப்பீங்க? உங்க கையில இருக்குற ஒவ்வொரு காகிதமும் அது புத்தம் புது வண்டின்னு சொல்லுது. நடுவுல ரெண்டு மழைக்காலம் வேற போயிருக்கு. அதாவது யார்டுல நடந்த வெள்ளத்தை உங்க வீட்டு வாசல்ல நடந்த வெள்ளமா மாத்திட்டாங்க. மறைச்சு வித்ததுல வண்டியோட சேர்த்து பழியும் உங்க பேருக்கு ரிஜிஸ்டர் ஆயிடுச்சு.

இதுக்கு வசதியா ஒரு ஓட்டையும் இருக்கு. ஒரு தடவை ரிஜிஸ்டர் ஆன வண்டிக்கு ஏதோ ஒரு சரித்திரம் இருக்கும். இன்சூரன்ஸ் கிளெய்ம், சர்வீஸ் ரெக்கார்டு, பழைய ஓனர் - யாரையாவது பிடிச்சு விசாரிக்கலாம். ரிஜிஸ்டர் ஆகாத வண்டி யார்டுல முழுகினா? வாகன் தளத்துல அந்த வண்டி இன்னும் பிறக்கவே இல்ல. இன்சூரன்ஸ் டீலரோட சரக்குக்கானது, உங்க கண்ணுல படாது. அமெரிக்காவுல வெள்ளத்துல அழிஞ்ச வண்டியோட உரிமைப் பத்திரத்துல அதை முத்திரையாவே குத்துற வழக்கம் பல மாநிலங்கள்ல உண்டு. நம்ம ஆர்.சி.யில அப்படி ஒரு கட்டமே கிடையாது.

601 டாலர் பெயின்ட்

மறைக்கிறது பத்தின உலகப் பிரசித்தி பெற்ற வழக்கு ஒண்ணு இருக்கு. சட்டம் படிச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், மத்தவங்களுக்காகச் சுருக்கமா.

1990 ஜனவரியில அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துல ஒரு டாக்டர் 40,750 டாலர் சொச்சம் கொடுத்து புது பிஎம்டபிள்யூ வாங்கினார். ஒன்பது மாசம் ஓட்டினார், ஒரு குறையும் தெரியல. இன்னும் பளபளப்பா இருக்கட்டும்னு ஒரு பாலிஷ் கடையில விட்டப்ப, கடைக்காரர் கண்டுபிடிச்சார்: இந்த வண்டி ஏற்கனவே ஒரு தடவை பெயின்ட் அடிச்சது. ஜெர்மனியிலிருந்து வர்ற வழியில அமில மழை பட்டுப் பெயின்ட் கெட்டிருக்கலாம்னு சொல்லப்பட்டது. கம்பெனி அதுக்குச் செஞ்ச செலவு 601 டாலர் 37 சென்ட். வண்டி விலையில ஒண்ணரை சதவீதம்.

கோர்ட்டுல கம்பெனி ஒத்துக்கிட்ட விஷயம்தான் முக்கியம். 1983லிருந்தே அவங்களுக்கு ஒரு கொள்கை. ரிப்பேர் செலவு வண்டி விலையில 3 சதவீதத்துக்குள்ள இருந்தா புது வண்டின்னே விக்கலாம், டீலருக்குக்கூடச் சொல்ல வேண்டியதில்ல. ஜூரி என்ன சொல்லுச்சு? மதிப்புக் குறைவுக்கு 4,000 டாலர், தண்டனையா 40 லட்சம் டாலர்! அலபாமா உச்ச நீதிமன்றம் அதை 20 லட்சமாக் குறைச்சது. 1996 மே மாசம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதுவும் ரொம்ப அதிகம்னு 5க்கு 4 என்ற கணக்குல தள்ளிவிட்டது. கடைசியில 50,000 டாலர்ல முடிஞ்சது.

இந்த வழக்கைச் சொன்னா நம்மாளுங்க "பாத்தீங்களா, கம்பெனிதான் ஜெயிச்சுது"ம்பாங்க. தொகை குறைஞ்சது நிஜம். ஆனா ஜூரி தீர்ப்பு வந்த சில நாள்லயே அந்தக் கம்பெனி நாடு முழுக்கத் தன் கொள்கையை மாத்துச்சு. எவ்வளவு சின்ன ரிப்பேரா இருந்தாலும் சொல்லித்தான் விக்கிறதுன்னு. அதாவது, சொல்லி விக்க முடியும். சொல்லி வித்தா கம்பெனி கவுந்துடாது. அது வரைக்கும் சொல்லாம இருந்ததுக்கு ஒரே காரணம், சொல்லாம இருந்தா யாரும் கேக்க மாட்டாங்கன்ற தைரியம்.

அங்க பிரச்சனை வெறும் பெயின்ட். ஓட்டுறதுக்கு ஒரு குறையும் இல்லாத வண்டி. அதுக்கே அப்படி. நாம ஏர்பேக் பொட்டி நனைஞ்ச வண்டியைப் பத்திப் பேசிட்டிருக்கோம்.

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

நம்மூர்ல சட்டம் இல்லைன்னு நெனைச்சா அதுவும் தப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47): திரும்பக் கட்டினது, புதுப்பிச்சது, பழசு - இதையெல்லாம் புதுசுன்னு பொய்யாக் காட்டி விக்கிறது முறையற்ற வணிகம். பிரிவு 2(11): வாங்குறவருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேணும்னே மறைக்கிறது சேவைக் குறைபாடு. நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம், டீலர் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கொடுத்த பொருளுக்குக் கட்டணமே இல்ல, 10 லட்சம் வரை 200 ரூபாய். ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். முதல் படியா 1915க்கு போன் அடிக்கலாம்.

ஆனா ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிடறேன். கோவாவுல ஒருத்தர் 2011 மாடல் டாடா வண்டிக்குக் காசு கட்டினார். கைக்கு வந்தது 2009 மாடல், ஏற்கனவே சில நூறு கிலோமீட்டர் ஓடினது, அடிப்பக்கம் துரு. மாவட்ட மன்றத்துல ஜெயிச்சார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2021 பிப்ரவரியில தீர்ப்பு வந்தப்ப, டீலர் செஞ்சது கம்பெனிக்குத் தெரியும்னு நிரூபிக்காத வரை கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாதுன்னு ஆயிடுச்சு. டீலரும் கம்பெனியும் தனித்தனி வியாபாரிங்களாம். ஷோரூம் வாசல்ல தொங்குறது கம்பெனி பேரு, விளம்பரத்துல வர்றது கம்பெனி நடிகர், பிரச்சனைன்னா மட்டும் "அவர் வேற, நாங்க வேற". அதனால வித்தவர் கைப்பட எழுதி, முத்திரை போட்ட ஒரு காகிதம் இல்லாம நீங்க எங்கயும் நிக்க முடியாது.

காத்திவாக்கத்துக் கதை

இவ்வளவு கோவம் எங்கிருந்து வருதுன்னா, சித்தப்பா பையன் கிட்டேயிருந்து வருது. ஒன்பது வருஷமா அடுத்தவர் வண்டியில கால் டாக்ஸி ஓட்டினவன். சொந்தமா ஒரு மஞ்சள் போர்டு வண்டி வாங்கணும்னு சீட்டுக் கட்டி, தங்கச்சி (அவன் மனைவிதான்) நகையையும் வச்சு முன்பணம் தேத்தினான். 2024 தை மாசம், 8 லட்ச ரூபா வண்டிக்கு 40,000 தள்ளுபடின்னு ஒரு ஷோரூம்ல சொல்ல, அட்வான்ஸும் கட்டிட்டு வந்துட்டான். எந்த ஷோரூம், எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். வண்டியைப் பாக்க மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போனான்.

வண்டிக்குள்ள தலையை விட்டா ஊதுபத்திக் கடை மாதிரி வாசனை. புது காருக்கு எதுக்குடா இவ்வளவு சென்ட்? சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தேன். அடி மூணு சாண் மட்டும் லேசா மங்கலா ஒரு கோடு. சீட்டு தண்டவாளத்து போல்ட்டுல துரு. விக்கிற தம்பியைக் கேட்டேன்.

"யார்டுல கொஞ்சம் தண்ணி நின்னுச்சு சார். டயர் மட்டும்தான். அதுக்குத்தான் ஆஃபரே."

"டயர் வரைக்கும்தான்னா சீட் போல்ட் எப்படிப்பா துரு பிடிக்கும்?"

"கடக்கரைக் காத்து சார், உங்களுக்குத் தெரியாததா."

அது பாதி உண்மை. எங்க ஊர்ல கதவுத் தாழ்ப்பாளே ஆறு மாசத்துல துருப்பிடிக்கும். காமராஜர் துறைமுகத்துல கப்பலேற நிக்கிற வண்டிங்களும் அதே காத்தைத்தான் குடிக்குது. தண்ணி உள்ள போச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது. அதனால நிரூபிக்க முயற்சியே பண்ணல. ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "இந்த சேசிஸ் நம்பர் வண்டியில தண்ணி கதவு மட்டத்தைத் தாண்டலை, எந்தப் பாகமும் மாத்தலைன்னு உங்க லெட்டர்பேடுல எழுதி, மேனேஜர் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் குடுங்க. இப்பவே மிச்சப் பணத்துக்கு ஏற்பாடு பண்றோம்."

தம்பி உள்ள போனான். மேனேஜர் வந்தார், சிரிச்சார், "கம்பெனி வாரன்டி இருக்கே சார்"ன்னார். எழுதித் தரல. சித்தப்பா பையன் என் காதுல, "அண்ணே, நாப்பதாயிரம்ணே. வேற எடத்துல இந்த வெலைக்குக் கெடைக்காது. விடுண்ணே"ன்னான். அவன் நிலைமையில யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்வாங்க. அவனுக்கு நான் போட்டுக் காட்டின கணக்கு இதுதான். 8 லட்சத்துல 40,000ன்னா 5 சதவீதம். எந்த அடியும் படாத வண்டிக்கே இன்சூரன்ஸ் அட்டவணைப்படி முதல் ஆறு மாசத்துல 5 சதவீதம், ஆறு மாசம் தாண்டினா 15 சதவீதம் மதிப்புக் கழிவு. அப்ப வெள்ளத்துல நின்னதுக்குத் தள்ளுபடி எவ்வளவு? பெருசா ஒண்ணும் இல்ல. அந்த 40,000 நமக்குத் தந்த சலுகை இல்ல, கேள்வி கேக்காம இருக்கத் தந்த கூலி.

அப்புறம் டியூ கணக்கு. டாக்ஸி ஓடினாத்தான் டியூ. ஒயரிங் கோளாறுன்னு மூணு வாரம் ஒர்க்ஷாப்ல நின்னா பேங்க்காரன் காத்திருக்க மாட்டான். ராத்திரி மூணு மணிக்கு ஏர்போர்ட் சவாரி ஏத்திட்டுப் போறவனுக்கு பிரேக்கும் ஏர்பேக்கும் நம்பிக்கையா இருக்கணும். வண்டியில அவன் மட்டும் இல்ல, பின்சீட்டுல யாரோ ஒருத்தர் வீட்டுப் புள்ள உக்காந்திருக்கும்.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டோம். சண்டை போட வேண்டியிருக்கும்னு தயாராப் போனா, பன்னெண்டு நாள்ல ஒரு வார்த்தை பேசாமக் குடுத்துட்டாங்க. அவ்வளவு சுலபமாத் திரும்பின பணமே எனக்கு ஒரு பதில்தான்.

இதோட கதை சுபம்னா நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். பணம் வாங்கப் போன அன்னிக்கு அந்த வண்டி அங்க இல்ல. "டெலிவரி ஆயிடுச்சு சார்." யாருக்கு? எந்த ஊருக்கு? கேட்டா சொல்லுவாங்களா? நாங்க தப்பிச்சோம், சரி. அந்த வண்டி தப்பிக்கலையே. காகிதம் கேக்கத் தெரியாத ஒருத்தர் வாசல்ல, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, இன்னிக்கும் "புது வண்டி"யா நின்னுட்டிருக்கும். கெட்டிக்காரன் தப்பிச்சா அந்தச் சுமை அப்படியே அடுத்தவன் தலைக்குப் போகுது. "உஷாரா இருந்தாப் போதும் பாஸ்"னு சொல்ற நண்பர்களுக்கு இதுதான் என் பதில். உஷார் ஒரு ஆளைக் காப்பாத்தும். ஊரைக் காப்பாத்தாது.

புதுப்பேட்டையும் மீன் கூடையும்

"ஏழைபாழைங்க அடிபட்டதைத்தான்யா வாங்க முடியும். உன்னை மாதிரி சட்டம் பேசிட்டிருந்தா ஒண்ணும் வாங்க முடியாது"ன்னு ஒரு வாதம் வரும். கேக்க நியாயமா இருக்கும். வடசென்னைக்காரன் கிட்ட இதைச் சொல்லாதீங்க. புதுப்பேட்டைல பழைய பார்ட்ஸ் வாங்கியே வண்டி ஓட்டுற ஊரு எங்களோடது. அங்க விக்கிறவருக்கும் தெரியும், வாங்குறவருக்கும் தெரியும், அது கழட்டின சாமான்னு. விலையும் அதுக்கேத்த மாதிரி. அதுல ஒரு தப்பும் இல்ல. கழட்டின சாமானை டப்பாவுல போட்டு ஒட்டி, புது சாமான் விலையில நூறு ரூபா குறைச்சுக் குடுத்தாத்தான் தப்பு.

காசிமேட்டுல மீன் வாங்குறப்ப செவுளைத் தூக்கிப் பாக்காம வாங்குவோமா? பாத்தா கூடைக்கார அக்காவும் கோச்சுக்க மாட்டாங்க. "இது ஐஸ்ல வச்சது, இது விடிகாலைல வந்தது, எது வேணும்?"னு அவங்களே சொல்லுவாங்க. ஐஸ் மீனுக்கும் ஆள் உண்டு, விலைதான் வேற. 200 ரூபா மீனுக்கு இருக்குற நேர்மை 8 லட்ச ரூபா காருக்கு இல்ல.

நம்பிக்கை போனா என்ன ஆகும்னும் எங்க ஊர் பாத்திருக்கு. 2023 எண்ணெய்க்கப்புறம் எண்ணூர் மீனுன்னு சொன்னாலே ஜனங்க ஒதுங்கினாங்க. நல்ல ஆழ்கடல்ல பிடிச்ச மீனும் விக்கல. எது எண்ணெய் பட்டது, எது படாததுன்னு வாங்குறவருக்குத் தெரியலைன்னா எல்லாத்தையும் சந்தேகப்படுவார். பாவம், யோக்கியமான மீனவர்தான் அடிபடுவார். ஜார்ஜ் அகர்லாப்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் 1970ல பழைய கார் சந்தையை வச்சே இதைக் கட்டுரையா எழுதினார். விக்கிறவனுக்கு மட்டும் குறை தெரிஞ்சா, மோசமான சரக்கு நல்ல சரக்கைச் சந்தையை விட்டே துரத்திடும்னு. 2001ல நோபல் பரிசுல அவருக்கும் ஒரு பங்கு கிடைச்சது. எங்க கூடைக்கார அக்கா நோபல் வாங்காமலே அதைச் சொல்லுவாங்க.

நேர்மையான டீலருங்களே, நீங்கதான் இதுல முதல்ல குரல் குடுக்கணும். இந்த மௌனத்துல அதிகம் நஷ்டப்படப் போறது நீங்கதான்.

அப்ப வாங்கலாமா, வேணாமா?

என் தீர்ப்பு (ஒத்துக்காதவங்க பின்னூட்டத்துல கும்மலாம்):

1. ஆலங்கட்டிக் குழி, டிரெய்லர்ல உரசின கீறல், ஒரு கதவுக்குப் பெயின்ட் - எழுதிக் கொடுத்து, விலையும் மனசாரக் குறைச்சா வாங்கலாம். பெயின்ட் கனம் பாக்குற மீட்டர் இருக்குற ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. கம்பெனி பெயின்ட் பொதுவா 100லிருந்து 150 மைக்ரான் பக்கம் காட்டும். ஒரு இடத்துல மட்டும் 300ன்னு குதிச்சா அங்க பட்டி பார்த்திருக்காங்க.

2. தண்ணி கார்ப்பெட்டைத் தொட்ட வண்டி - புது வண்டி விலையில எவ்வளவு தள்ளுபடி குடுத்தாலும் வேண்டாம். டாக்ஸிக்கு வேண்டவே வேண்டாம்.

3. அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி சேசிஸ் நம்பர் வாங்குங்க. தயாரிச்ச மாசம், வருஷம் கேளுங்க. யார்டு எங்கன்னு கேளுங்க. நவம்பருக்கு முன்னாடி தயாராகி, தாழ்வான யார்டுல மழைக்காலம் கழிச்ச வண்டின்னா சீட் பெல்ட்டை முழுசா இழுங்க, கார்ப்பெட்டைத் தூக்குங்க, ஸ்டெப்னி குழியில கையை விட்டுத் தடவுங்க. மண்ணு பொய் சொல்லாது.

4. எழுதிக் கேளுங்க. தண்ணி புகலை, பாகம் மாத்தலை, பெயின்ட் அடிக்கலைன்னு மூணு வரி. உண்மைன்னா எழுதித் தர ரெண்டு நிமிஷம் போதும். தர மறுத்தா எழுந்து வந்துடுங்க.

இதெல்லாம் தனி ஆள் வேலை. ஊர் வேலை ஒண்ணு இருக்கு. புது வண்டி ரிஜிஸ்டர் பண்ண, மத்திய மோட்டார் வாகன விதி 47ன்படி டீலர் ஒரு விற்பனைச் சான்று குடுக்கணும், படிவம் 21. அதுல எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், தயாரிச்ச மாசம், வருஷம், நிறம் எல்லாத்துக்கும் இடம் இருக்கு. வண்டி என்ன கலர்னு எழுதச் சொல்ற அரசாங்கம், அது தண்ணில முழுகுச்சான்னு எழுதச் சொல்லக் கூடாதா? "விற்பனைக்கு முன் சேதம், பழுதுபார்ப்பு: உண்டு / இல்லை. உண்டு எனில் விவரம்." இந்த ஒரு வரியைச் சேர்த்தாப் போதும். பொய் எழுதினா கையெழுத்துப் போட்டவர் மாட்டுவார். உண்மை எழுதினா விலை தானா இறங்கும். காகிதம் கேக்கத் தெரியாதவருக்கும் அந்தக் காகிதம் தானாவே கைக்கு வரும்.

அது வர்ற வரைக்கும் ஒவ்வொரு ஷோரூம்லயும் நாமளே கேட்டு வாங்க வேண்டியதுதான். பத்துப் பேர் கேட்டா பைத்தியம்பாங்க. ஆயிரம் பேர் கேட்டா அச்சடிச்சு வச்சிருப்பாங்க.

டிஸ்கி 1: சித்தப்பா பையன் மூணு மாசம் கழிச்சு வேற இடத்துல முழு விலைக்கு வண்டி எடுத்தான். அங்கயும் அந்த மூணு வரியைக் கேட்டோம். மேனேஜரம்மா சிரிச்சுக்கிட்டே எழுதி, முத்திரை போட்டுக் குடுத்தாங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு :-)

டிஸ்கி 2: டீலர்ஷிப்ல வேலை பாக்குற பதிவர்கள் யாராவது இருந்தா, பேர் போடாமலாவது உள்விவரம் எழுதுங்க. யார்டுல தண்ணி நின்ன வண்டியை என்ன பண்றீங்க? தெரிஞ்சுக்க ஆசை.